சக்கரக் குழியும் சங்கிலியும்

திருநெல்வேலியிலிருந்து மானூர், தேவர்குளம் வழியாகச் சங்கரன்கோயிலுக்குச் செல்லும் சாலையில், மானாவாரிப் புஞ்சைகளுக்கும் பனங்கூட்டங்களுக்கும் நடுவே, பனவடலிசத்திரம் என்னும் ஊர் அமைந்திருக்கிறது. இன்று பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வண்டி நின்று புறப்படும் ஒரு நிறுத்தம் மாத்திரமே. ஆனால் மோட்டார் வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன்பு, கூண்டு வண்டியிலும் கால்நடையாகவும் கோமதியம்மனைத் தரிசிக்கச் சென்ற யாத்ரிகர்களுக்கு, வெயில் தாழும்வரை தங்கி, கஞ்சி குடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிப் பிறகு பிரயாணத்தைத் தொடர இத்தகைய சத்திரத்து ஊர்கள் இன்றியமையாதனவாய் இருந்தன. சங்கரன்கோயில் ஆடித் தபசுக்கு அச்சாலையில் திரண்ட ஜனங்களுள் நேர்த்திக்கடன் செலுத்தப் போனவர்கள் ஒரு சாரார்; பருத்தியும் வத்தலும் விற்கவும் வாங்கவும் போனவர்கள் ஒரு சாரார்; சித்தம் கலங்கிய மகனையோ மகளையோ, கைப்பிடித்தோ கட்டியோ அழைத்துச் சென்றவர்கள் மற்றொரு சாரார். இந்த மூன்றாம் சாராருடைய பிரயாணத்தின் சரித்திரத்தையே, அதாவது மனநோய்க்குத் தம் பாஷையும் தம் வழக்கமும் அறிந்த ஓர் ஆறுதலைத் தேடி நம் ஜனங்கள் நடந்த வழியின் சரித்திரத்தையே, இங்கே சற்று விரிவாக எடுத்துக்கூற விரும்புகிறேன்.

நெல்லைச் சீமையில் அந்நோய்க்கு வழங்கிய பெயர்கள் பல. 'கோட்டி பிடித்துவிட்டது' என்பார்கள். 'புத்தி பேதலித்துவிட்டது' என்பார்கள். 'காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது' என்றும், 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்றும், வீட்டின் நிலைமைக்கும் ஊராரின் நோக்கத்துக்கும் தக்கவாறு பேசுவார்கள். இவற்றுள் கடைசி இரண்டும் நோயின் காரணத்தை நோயாளிக்கு வெளியே வைத்துப் பேசுகிற பேச்சு என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். காற்று அண்டினால் அது அவன் குற்றமன்று. செய்வினை வைத்தால் அது அவள் பாபமன்று. வந்தது போகக்கூடியது, போக்குவதற்கு ஓர் இடமும் உண்டு. அந்த இடம் இச்சாலையின் முடிவில் இருந்தது.

சங்கரன்கோயில் ஆலயம் உக்கிரபாண்டியனால் கட்டப்பெற்றது என்பது தலபுராண வரலாறு. சங்கன், பதுமன் என்ற இரு நாகங்கள், சிவனே பெரியவன் என்றும் திருமாலே பெரியவன் என்றும் தம்முள் வாதிட்டு அம்பிகையிடம் போக, அம்பிகை இருவரையும் ஓருருவில் காண வேண்டித் தவமிருந்து, ஆடி மாதத்து உத்திராட நக்ஷத்திரத்தில் சங்கரநாராயணக் கோலத்தைக் கண்டாள் என்பது அத்தலத்தின் ஐதிகம். ஆதலின் சங்கரலிங்கம், சங்கரநாராயணர், கோமதியம்மன் என மூன்று சந்நிதிகள் அங்கே ஒருங்கே விளங்குகின்றன. நாகங்கள் வழிபட்ட தலமாகையால், புற்றுமண்ணே அங்குப் பிரசாதம். அதை நெற்றியில் இடுவார்கள். நீரில் குழைத்து உடம்பில் பூசுவார்கள். பொட்டலமாக மடித்து ஊருக்குக் கொண்டுபோய், வரமுடியாத நோயாளியின் தலைமாட்டில் வைப்பார்கள்.

கோமதியம்மன் சந்நிதிக்கு முன்னால், தளத்தில் சிறிதளவு பள்ளமாக அமைந்த ஓரிடத்தில், ஒரு சக்கரம் பிரதிஷ்டை செய்யப்பட்டிருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த வேலப்ப தேசிகர் அதனை நிறுவினார் என்றும், நெற்கட்டும்செவல் பாளையக்காரராகிய பூலித்தேவருக்கு இருந்த தீராத வயிற்று நோயை அவரே தீர்த்தார் என்றும் கோயில் வரலாறு கூறும். மனம் கலங்கியவர்களை அழைத்து வருவோர் அவர்களை இச்சக்கரத்தின்மேல் அம்மனை நோக்கி அமரச் செய்வது நெடுங்கால வழக்கம். அந்தக் காட்சியைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நலம். குழியில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் தாயாரோ தமக்கையோ தோளில் கைவைத்தபடி குனிந்து நிற்கிறார். அவர்களுக்குப் பின்னால், தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் வேறு குடும்பத்தார். அமர்ந்திருப்பவர் அழுதாலும், சிரித்தாலும், உரக்க எதையேனும் பேசினாலும், அதை விசித்திரமாகப் பார்ப்பவர் அங்கு இல்லை. அர்ச்சகர் தீபாராதனையை நிறுத்துவதில்லை; கும்பிட வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போகிறார். நோயுற்றவர் தெய்வத்துக்கு மிக அருகில், யாவரும் வணங்குமிடத்தில், யாவரினும் முந்திய ஸ்தானத்தில் அமர்த்தப்படுகிறார் என்பதே இவ்வழக்கத்தின் சாரம். வீட்டுத் திண்ணையில் மறைத்து வைக்கப்பட்டவருக்கு, ஊரார் கேலிக்கு இலக்கானவருக்கு, இந்த ஸ்தான மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

ஆடித் தபசுக்குக் கொடியேறிய பின் 'ஆடிச்சுற்று' என்று ஒரு நேர்த்தி உண்டு. நூற்றொன்று, நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று கணக்கு வைத்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி வருவார்கள். நோயுற்ற பிள்ளைக்காகத் தாய் சுற்றுவதும் உண்டு. பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு சுற்றுவதும் உண்டு. மாவிளக்கு ஏற்றுவது, வெள்ளித் தகட்டில் பாம்பும் தேளும் மனித உருவும் அடித்து உண்டியலில் சேர்ப்பது, தபசுக் காட்சியன்று தம் புஞ்சையில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அம்மனின் சப்பரத்தை நோக்கிச் சூறை விடுவது ஆகிய எல்லாமே குடும்பம் முழுதும் கூடிச் செய்யும் காரியங்கள். நோயாளி ஒருவரையே தனியாகப் பிரித்து வைத்துச் செய்யும் சிகிச்சை எதுவும் இம்முறையில் இல்லை.

கோமதியம்மன் சந்நிதி ஒன்றே இவர்களுக்குப் புகலிடமாயிருந்தது என்றும் கொள்ளலாகாது. ஊரிலே கோடாங்கி உண்டு. உடுக்கடித்துக் குறி சொல்லி, இன்ன தெய்வத்துக்கு இன்ன குறை என்று எடுத்துரைப்பார். சுடலைமாடன் கொடையில் கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் நடக்கையில், நெடுநாள் வாய் திறவாத பெண் சாமி வந்தாடித் தன் மனத்திலுள்ள குறையைச் சபையறியச் சொல்லுவாள். சாதாரண நாளில் மாமியார் காதில் ஏறாத சொல், அன்றைக்குத் தெய்வத்தின் வாக்காகத் தலைவணங்கிக் கேட்கப்படும். மேற்கே பொட்டல்புதூர் தர்காவுக்கு ஹிந்துக்களும் போவார்கள்; கிழக்கே புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும், கடற்கரையிலுள்ள உவரி அந்தோணியார் கோயிலுக்கும் எல்லா ஜாதியாரும் போய் நாள்கணக்காகத் தங்குவார்கள். எந்த மதத்துக் கோயில் என்ற கேள்வி இவ்விஷயத்தில் எழவில்லை; தங்குவதற்கு இடம் தருமா, தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்குமா என்பதே கேள்வியாயிருந்தது. சித்த வைத்திய மரபிலும் மனப்பிணியைக் கிரிகை என்று பெயரிட்டு, அதனைப் பதினெட்டு வகையாகப் பகுத்து, அவற்றுக்குரிய குறிகுணங்களையும் மருந்துகளையும் அகத்தியர் பெயரில் வழங்கும் நூல் கூறுகிறது. ஆகவே நம் முன்னோர் இதனைத் தெய்வ கோபம் என்று மாத்திரம் எண்ணி வைத்தியத்தை அறவே மறந்தார்கள் என்பதும் பொருந்தாது.

இம்முறையின் குணங்களைச் சொன்னவன் தோஷங்களையும் சொல்லக் கடமைப்பட்டவன். கோடாங்கியின் கையில் உடுக்கையோடு சாட்டையும் இருந்தது. பேயை ஓட்டுவதாகச் சொல்லி வேப்பங்குழையால் அடித்ததில் வலி பேய்க்கன்று, அந்தப் பெண்ணுக்கே உண்டாயிற்று. மிளகாய் வற்றலைப் புகைத்து மூக்கில் பிடித்தார்கள், பட்டினி போட்டார்கள். ஓடிப்போவான் என்று அஞ்சிக் காலில் சங்கிலி பூட்டிக் கோயில் தூணிலும் வேப்பமரத்திலும் கட்டினார்கள். ஒரு கோயிலிலிருந்து மறு கோயிலுக்கும், ஒரு மந்திரவாதியிடமிருந்து மறு மந்திரவாதிக்குமாக அலைந்ததில் கையிருந்த பணமும், நோய் இளசாயிருந்த காலமும் ஒருசேரக் கரைந்தன. ஆதரவும் ஹிம்சையும் ஒரே முற்றத்தில் வாசம் செய்த அவல நிலையே அது.

இனி, இந்நாட்டுக்கு வந்த மேல்நாட்டு வைத்தியத்தின் கதையைப் பார்ப்போம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜனாகிய வாலண்டைன் கனோலி என்பவர் 1794-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு பைத்தியக்கார விடுதியை ஏற்படுத்தினார். தொடக்கத்தில் அதன் நோக்கம், கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்களும் உத்தியோகஸ்தர்களும் புத்தி கலங்கினால் ஊரார் கண்ணில் படாமல் அவர்களை வைத்துப் பாதுகாப்பது. அவர்களுள் பலரைப் பிறகு கப்பலேற்றி இங்கிலாந்துக்கே அனுப்பிவிடுவதும், அங்கே லண்டனில் பெம்புரோக் ஹவுஸ் என்ற விடுதியில் கம்பெனியின் செலவில் வைப்பதும் வழக்கமாயிற்று. தம் தேசத்து நோயாளிக்குத் தம் தேசத்துச் சூழ்நிலையும் சொந்த பாஷையும் உற்றாரும் வேண்டும் என்பதை அக்கம்பெனியார் நன்கறிந்திருந்தார்கள். அந்த அறிவை இந்த நாட்டு நோயாளிகளின் விஷயத்தில் அவர்கள் பிரயோகிக்கவில்லை.

1858-இல் பித்தர்களைப் பற்றிய சட்டங்கள் பிறந்தன. 1871-இல் சென்னை விடுதி, கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்துக்கு 145 நோயாளிகளோடு குடிபெயர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 1912-இல் வந்த இந்தியப் பைத்தியச் சட்டத்தின்படி, திரிகிற பித்தனைப் போலீஸ்காரர் பிடித்து மாஜிஸ்திரேட்டின்முன் நிறுத்த, அவர் உத்தரவிட, அதன்பின் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முறை ஊர்ஜிதமாயிற்று. பனவடலிசத்திரத்துக் குடியானவன் ஒருவனுக்கு இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். திருடனுக்கும் தன் மகனுக்கும் ஒரே வாசல், அதாவது கச்சேரி வாசல். அதைத் தாண்டினால் நானூறு மைலுக்கு அப்பால் சென்னைப் பட்டணம். 1927-இல் விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை போடப்பட்டுச் சங்கரன்கோயிலுக்கு ரயில் வந்த பிறகும், ஒரு முறை கொண்டுபோய் விட்ட பிள்ளையை மறுமுறை போய்ப் பார்ப்பது பலருக்குக் கைகூடாத காரியமாயிருந்தது. டாக்டர் எழுதும் குறிப்பு ஆங்கிலத்தில். நோயாளி சொல்லும் கஷ்டம் நெல்லைத் தமிழில். 'மாடன் என்னைக் கூப்பிடுகிறான்' என்று ஒருவன் சொன்னால், கொடையும் படப்பும் அறிந்தவனுக்கு அதில் எவ்வளவு நோய், எவ்வளவு ஊர் வழக்கம் என்று பிரித்தறிய முடியும். அறியாதவனுக்கு இரண்டும் ஒன்றே. கீழ்ப்பாக்கம் என்ற அழகிய பேட்டையின் பெயர், தமிழ்நாடு முழுவதிலும் ஒருவரை ஒருவர் ஏசுவதற்குரிய சொல்லாகிப்போனதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இந்த அநீதி நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர், எஜமானனை விட்டு ஓடும் நீக்ரோ அடிமைக்கு ஒருவகை மனநோய் பிடித்திருக்கிறது என்று 1851-இல் எழுதி, அந்நோய்க்கு ஒரு கிரேக்கப் பெயரும் சூட்டினார். விடுதலை வேட்கையையே வியாதியாகக் கண்ட அந்த வைத்தியம் யாருக்காக நடந்தது என்று விவரிக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே கூட, ஆப்பிரிக்கர்களின் மூளையே வேறு வகைப்பட்டது என்னும் கொள்கையைக் கென்யாவில் பணிபுரிந்த கரோத்தர்ஸ் என்ற வைத்தியர் பிரசாரம் செய்தார். கறுத்த தோலுடையவன் மனம் கலங்கினால், அவன் கலக்கத்தை அவன் பாஷையில் கேட்பதற்கு ஆளில்லை. அளப்பதற்கு மாத்திரம் ஆளிருந்தது.

அந்நிலையை மாற்றியவர்களும் அவ்வினத்தாரே. நைஜீரியாவின் யொரூபா ஜாதியில் பிறந்து, இங்கிலாந்தில் மனநோய் வைத்தியம் பயின்று திரும்பிய தாமஸ் அடியோயே லாம்போ, 1954-இல் அபியோகுட்டாவுக்கு அருகிலுள்ள ஆரோ என்ற இடத்தில் ஒரு புதுமுறையைத் தொடங்கினார். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கிராமங்களின் வீடுகளில் நோயாளி குடியிருப்பான். உறவினர் ஒருவரேனும் உடனிருந்து சமைத்துப் போடவேண்டும். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து உட்கொண்டு, மாலையில் கிராமத்தாரோடு கலந்து வாழ்வான். அத்துடன், நாட்டு வைத்தியர்களையே லாம்போ தம்முடன் வேலைக்கு அமர்த்திக்கொண்டார். அதே ஆண்டுகளில் அல்ஜீரியாவின் பிலிடா ஆஸ்பத்திரியில் டாக்டராயிருந்த பிரான்ஸ் பனோன் என்ற கறுப்பர், ஐரோப்பியப் பெண்களிடம் பலித்த சிகிச்சை முறை முஸ்லிம் ஆண்களிடம் பலிக்காமற் போகவே, அதன் காரணத்தை ஆராய்ந்து, அவர்களுக்கென்று ஒரு காப்பிக்கடையும் தொழுமிடமும் அமைத்துக் கதை சொல்லுகிறவரையும் வரவழைத்தார். வார்டுக்குள் ஊர் வந்தது. வாய் திறவாதவர்கள் வாய் திறந்தார்கள்.

நம் தேசத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வெண்ணம் முளைவிட்டது. அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் வித்யா சாகர் என்ற டாக்டர், ஆஸ்பத்திரி மைதானத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரைத் தங்க வைத்தார். வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து, பாகாயத்தில் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார் 1957-இல் ஏற்படுத்திய மனநல நிலையத்தில், நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்கியே தீரவேண்டும் என்ற விதி உண்டாயிற்று. ஒரு தாழ்வாரம், ஓர் அடுப்பு, தாயார் கையால் வடித்த சோறு, அடுத்த அறையில் இதே கஷ்டத்தோடு வந்திருக்கும் இன்னொரு குடும்பம் என்று அதன் அமைப்பை நோக்கினால், இது சங்கரன்கோயில் மண்டபத்தில் நடந்ததே என்பது விளங்கும். மருந்து ஒன்றே அங்கு அதிகப்படியாக இருந்தது. கீழ்ப்பாக்கத்திலும் 1961 முதல் 1978 வரை தலைமை வகித்த சாரதா மேனன் அம்மையார், இந்தியாவின் முதல் பெண் மனநோய் வைத்தியர், பூட்டிவைப்பதையே காரியமாகக் கொண்டிருந்த அவ்விடத்தை வைத்தியசாலையாக்கப் பாடுபட்டு, ஓய்வு பெற்றபின் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென ஸ்கார்ஃப் என்ற ஸ்தாபனத்தையும் நிறுவினார்.

உலக சுகாதார ஸ்தாபனம் 1960-களின் பிற்பகுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆராய்ச்சி, இச்சரித்திரத்தில் ஒரு திருப்பம். ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் இருந்த மனச்சிதைவு நோயாளிகள், செல்வ நாடுகளின் பெரிய நகரங்களில் இருந்தவர்களைவிடச் சில ஆண்டுகளில் மேலான நிலையை அடைந்தார்கள் என்று அதில் தெரியவந்தது. அதன் காரணத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்; ஆனால் குடும்பம் கைவிடாமையும், நோயாளிக்கு ஏதோ ஒரு வேலையும் ஓர் இடமும் ஊரில் எஞ்சியிருந்தமையும் முக்கிய காரணங்களாகலாம் என்பதைப் பலர் ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வளவு நன்மையையும் ஒரே இரவில் கேள்விக்கிடமாக்கியது ஏர்வாடித் தீவிபத்து. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு மனம் கலங்கியவர்களை அழைத்துச் செல்வது பன்னெடுங்கால வழக்கம். அங்கே வந்து குவிந்தவர்களை வைத்துப் பிழைப்பதற்காகத் தனியார் சிலர் தர்காவைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகள் போட்டு, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சங்கிலியில் பூட்டி வைத்திருந்தார்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அவற்றுள் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட இயலாத 28 பேர் கருகி மாண்டார்கள். சில நாட்களில் அத்தகைய விடுதிகள் யாவும் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அரசாங்கத்தின் பராமரிப்பில் சேர்க்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, மாநிலங்களைக் கணக்குக் கேட்டது. அங்கே பலி வாங்கியது பக்தியன்று. குடும்பம் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பழைய வழக்கம் போய், பணத்தைக் கட்டிவிட்டுக் குடும்பம் ஊர் திரும்பிவிடும் புதிய வழக்கம் வந்ததே அவ்விபத்தின் மூலகாரணம் என்பது என் கருத்து. தாய் பக்கத்தில் படுத்திருந்தால் பிள்ளைக்குச் சங்கிலி எதற்கு?

ஏர்வாடியை வைத்துக் கோயில்களையெல்லாம் இகழ்ந்து பேசிய காலத்தில், 2002-இல், பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த டாக்டர் இரகுராமும் அவருடைய சகாக்களும் ஒரு சிறிய ஆராய்ச்சியைப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று. அங்கே வந்து தங்கிய 31 மனநோயாளிகளை, வந்தபோதும் போகும்போதும் அவர்கள் பரிசோதித்தார்கள். கோயிலில் மருந்து இல்லை, மந்திரம் இல்லை, அடி இல்லை. காலையில் ஒரு சிறு பூஜை, அதன்பின் கோயிலைப் பெருக்குவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுமான எளிய வேலைகள். உடன் ஓர் உறவினர். ஏறத்தாழ ஆறு வாரம் தங்கியவர்களின் நோய்க்குறிகள் சுமார் 20 சதவீதம் தணிந்திருந்தன. அக்கணக்கைப் பெரிதுபடுத்துவது கூடாது. முப்பத்தொருவர் உலகமாக மாட்டார்கள். மருந்தினால் குணமாகவேண்டிய பங்கு பெரிதாக எஞ்சியே நின்றது. ஆனால், அன்பான தங்குமிடத்துக்கும் ஒரு வைத்திய சக்தி உண்டு என்பதற்கு அளந்து காட்டிய சாட்சியம் அது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை நம்பிக்கை தருவன. திருச்சி மாவட்டத்துக் குணசீலத்தில், பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி உச்சிகாலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்பெறும் பழைய வழக்கம் தொடர்கிறது. அத்துடன் சட்டப்படி அனுமதி பெற்ற மறுவாழ்வு நிலையமும் அங்கே அமைந்து, டாக்டரும் வந்து பார்க்கிறார். ஏர்வாடியிலேயே, துஆ ஓதுபவரும் மருந்து தருபவரும் ஒருவரையொருவர் விலக்காமல் வேலை செய்யும் ஏற்பாட்டை அரசாங்கம் செய்தது. தர்காவில் பிரார்த்தனையை முடித்துக்கொண்டு வருகிறவரை, அடுத்த வாசலில் டாக்டர் பரிசோதிக்கிறார். நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று எவரும் நிர்ப்பந்திப்பதில்லை. கடல் கடந்த தமிழருக்கும் இவ்வனுபவம் உண்டு. யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் மனம் உடைந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் தயா சோமசுந்தரம், சுகாதார ஊழியர்களுக்காக 'மனவடு' என்ற நூலைத் தமிழிலே எழுதியதோடு, சடங்குகளும் கோயில் திருவிழாவும் துக்கத்தை ஆற்றும் விதத்தையும் எடுத்துக்காட்டினார். லண்டனில் குடியேறிய ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கு அவர்கள் பாஷையில், அவர்கள் வாழ்க்கை வழக்கம் அறிந்து சிகிச்சை செய்வதற்கென்றே ஜாபர் கரீம் என்பவர் 1983-இல் நஃப்சியாத் என்ற நிலையத்தைத் தோற்றுவித்தார். வெள்ளையர் தம் சிப்பாயைக் கப்பலேற்றித் தம் நாட்டுக்கு அனுப்பிய அதே லண்டனில், கறுத்தவரும் பழுப்பரும் தமக்கென ஒரு மனநல நிலையத்தைத் தாமே ஏற்படுத்திக்கொள்ள நேர்ந்தது சரித்திரத்தின் நியாயமே.

இன்று சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று தடை செய்கிறது. நோயாளிக்கு அவருடைய சிகிச்சையைப் பற்றி அவர் அறிந்த பாஷையிலேயே தெரிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 1982-இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டமும், 1996 முதல் நடைபெறும் மாவட்ட மனநலத் திட்டமும், டாக்டரைச் சென்னையிலேயே நிறுத்திவிடாமல் மாவட்டத்துக்குக் கொண்டுவரும் நோக்கமுடையவை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பின், சங்கரன்கோயில் தாலுகாவாசிகள் திருநெல்வேலிக்கு ஓடவேண்டிய அவசியமும் ஓரளவு குறைந்திருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணுக்குப் பேசினால், எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. டாக்டர் வந்துவிட்டார், அவருடைய கேள்வி இன்னும் வரவில்லை. 'தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா' என்று கேட்டு மாத்திரைச் சீட்டு எழுதுவதோடு அநேக இடங்களில் காரியம் முடிந்துவிடுகிறது. 'எந்தக் கோயிலுக்குப் போய் வந்தீர்கள், அங்கே என்ன சொன்னார்கள், வீட்டில் என்ன நினைக்கிறார்கள்' என்று கேட்பவர் அரிது. அவ்வாறு கேட்கும் டாக்டரிடம் நோயாளி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கேட்காதவரிடம் பாதியை மறைத்து, மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, மறுபடியும் கோடாங்கியிடம் போகிறார். கோயில் நிர்வாகத்தாரும், தங்க வருகிறவர்களுக்குத் தண்ணீரும் நிழலும் கழிப்பிடமும் அமைப்பதோடு, அருகிலுள்ள ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு எந்தக் கிழமை நடக்கிறது என்று சந்நிதி வாசலில் ஒரு பலகை எழுதி வைப்பார்களானால், அது பல குடும்பங்களின் அலைச்சலைக் குறைக்கும்.

பனவடலிசத்திரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் அன்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்கினால், சங்கரன்கோயிலுக்கு அழைத்துப் போங்கள், சக்கரத்தில் அமர்த்துங்கள், புற்றுமண் இடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதே பிரயாணத்தில், அதே வாரத்தில், அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போங்கள். கொடுக்கும் மருந்தை அம்மன் பிரசாதத்தைப்போல் தவறாமல் கொடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள். அடிக்கிறவரிடமும், சங்கிலி பூட்டுகிறவரிடமும், 'இவரை இங்கே விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பணம் கேட்கிறவரிடமும் உங்கள் பிள்ளையை ஒருபோதும் ஒப்படைக்காதீர்கள்.